உண்ணும் கொழுப்பு மூளைக்கு என்ன சொல்கிறது? பசி, எடை, வளர்சிதை மாற்றம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழுப்பைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. கொழுப்பு வயிற்றை நிறைத்துப் பசியை அடக்கும் என்பது ஒன்று. அளவு தெரியாமல் உண்ணவைத்து உடலைப் பெருக்கும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. எந்தக் கொழுப்பு, எதனோடு சேர்ந்து, எவ்வளவு காலம் என்று கேட்காமல், எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிப் பேசுவதால் வரும் குழப்பம் இது.

பசி எடுப்பது வயிற்றில்தானே? மூளைக்கு அதில் என்ன வேலை?

வயிறு காலியாவதும் நிறைவதும் நமக்குத் தெரிகிறது என்பதால் பசியின் இருப்பிடம் வயிறு என்று தோன்றுகிறது. ஆனால் உண்ணத் தொடங்கச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும் மூளையே. மூளையின் அடிப்புறத்தில், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே, பாதாம் பருப்பளவே உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி இந்தப் பொறுப்பில் பெரும்பங்கை ஏற்றிருக்கிறது. 1940-இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளின் ஹைப்போதலாமஸில் சிறு காயங்களை ஏற்படுத்தியபோது அவை மிதமிஞ்சிப் பருத்தன. 1951-இல் இந்திய உடலியங்கியல் அறிஞர் பி.கே. ஆனந்தும் ஜான் புரோபெக்கும் அதே உறுப்பின் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தபோது, எலிகள் உணவு முன்னால் இருந்தும் உண்ணாமல் பட்டினி கிடந்தன.

இன்று அந்தப் பகுதியின் உள்ளமைப்பு இன்னும் நுணுக்கமாகத் தெரிகிறது. ஹைப்போதலாமஸின் அடியில் ஆர்க்குவேட் என்று பெயரிடப்பட்ட நியூரான் (நரம்பு உயிரணு) திரள் ஒன்று உள்ளது. அதில் ஏஜிஆர்பி வகை நியூரான்கள் பசியைத் தூண்டுகின்றன. பிஓஎம்சி வகை நியூரான்கள் பசியைத் தணித்து, ஆற்றலைச் செலவிடச் சொல்கின்றன. 2011-இல் சுண்டெலிகளின் ஏஜிஆர்பி நியூரான்களை ஒளியால் இயக்கியபோது, வயிறு நிறைய உண்டிருந்த சுண்டெலிகளும் சில நிமிடங்களில் மீண்டும் ஆவலோடு உண்ணத் தொடங்கின. இந்தத் திரளை ஒட்டி, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடை மற்ற இடங்களைப் போல இறுக்கமாக இல்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. இரத்தத்தில் மிதக்கும் ஹார்மோன்களையும் சத்துகளையும் அது விரைவாக அறிய முடிவதற்கும், அவற்றால் எளிதில் பாதிக்கப்படுவதற்கும் காரணம் இதுவே.

உடலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பது மூளைக்கு எப்படித் தெரியும்?

சேர்ந்துள்ள கொழுப்பின் அளவை மூளை ஏதோ ஒரு வழியில் அறிந்து, அதற்கேற்ப உணவைக் கூட்டியோ குறைத்தோ கொள்கிறது என்று 1953-இலேயே கென்னடி என்ற ஆய்வாளர் ஊகித்தார். செய்தியைக் கொண்டு செல்வது எது என்பது மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு விடுபடாத புதிராக இருந்தது.

அந்தப் புதிரின் பாதியை டக்ளஸ் கோல்மன் அவிழ்த்தார். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், பிறவியிலேயே அளவுமீறி உண்டு பருக்கும் இரண்டு வகைச் சுண்டெலிகள் இருந்தன. அவர் அறுவைசிகிச்சையால் இரண்டு சுண்டெலிகளின் இரத்த ஓட்டத்தை இணைத்துப் பார்த்தார். இரண்டாம் வகைப் பருத்த சுண்டெலியோடு இணைக்கப்பட்ட சாதாரணச் சுண்டெலி உண்பதை விட்டு மெலிந்து இறந்தது. முதல் வகையோடு சாதாரணச் சுண்டெலியை இணைத்தால், பருத்தது உணவைக் குறைத்துக்கொண்டது. பருத்த இரண்டு வகைகளையும் ஒன்றோடொன்று இணைத்தபோது, முதல் வகை மெலிந்து இறந்தது. இரண்டாம் வகைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே முதல் வகைக்கு ‘போதும்’ என்று சொல்லும் பொருளை உண்டாக்கத் தெரியவில்லை, இரண்டாம் வகைக்கு அந்தப் பொருள் நிரம்பி வழிந்தும் அதைக் கேட்கத் தெரியவில்லை என்று அவர் முடிவு செய்தார். மரபணு ஆய்வுக் கருவிகள் கைக்கு வராத காலத்தில், வெறும் தருக்கத்தால் எட்டிய முடிவு என்பதால் இந்தச் சோதனையை உயிரியலின் அழகான சோதனைகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

மீதிப் பாதியை 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. கொழுப்புத் திசுவே சுரக்கும் அந்த ஹார்மோனுக்கு, ‘மெலிந்த’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயரிட்டார்கள். கொழுப்புத் திசு வெறும் கிடங்கு என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

லெப்டின் பசியைத் தணிக்கும் என்றால், கொழுப்பு மிகுந்த உடலில் பசியே இருக்கக் கூடாதே?

நியாயமான கேள்வி. லெப்டின் கண்டறியப்பட்டவுடன் பலரும் எதிர்பார்த்ததும் இதையே. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத சிலர் இருக்கிறார்கள்; அவர்களைப் பற்றிய முதல் அறிக்கை 1997-இல் வெளிவந்தது. அடங்காப் பசியோடு வாழும் அவர்களுக்கு லெப்டின் ஊசி போடும்போது பசி தணிந்து எடை வியக்கத்தக்க அளவில் இறங்குகிறது. ஆனால் உடல் பருமன் உள்ள பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, மிகுதியாகவே இருக்கிறது. 1999-இல் அத்தகையோருக்கு லெப்டின் கொடுத்துப் பார்த்தபோது கிடைத்த பலன் சிறிதாகவும் ஆளுக்கு ஆள் மாறுபட்டதாகவும் இருந்தது. கோல்மனின் இரண்டாம் வகைச் சுண்டெலியைப் போல, செய்தி வந்தும் அது உரியபடி கேட்கப்படுவதில்லை. இதை லெப்டின் எதிர்ப்பு நிலை என்பார்கள். லெப்டின் மூளைக்குள் கடப்பது மந்தமாவதும், நியூரானுக்குள் அதன் சமிக்ஞையை முடக்கும் எஸ்ஓசிஎஸ்3 போன்ற புரதங்கள் பெருகுவதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் அடங்கும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மிகுதியைக் கட்டுப்படுத்துவதைவிடப் பற்றாக்குறையை எச்சரிப்பதில்தான் லெப்டின் திறமை காட்டுகிறது. உணவைக் குறைத்த சில நாட்களிலேயே, உடல் கொழுப்பு கணிசமாகக் கரைவதற்கு முன்பே, இரத்தத்தில் அதன் அளவு சட்டென்று விழுகிறது. மூளை அதைப் பஞ்சத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது.

உணவிலுள்ள கொழுப்பு குடலை அடைந்ததும் என்ன நடக்கிறது?

லெப்டின் வாரக்கணக்கில் பேசும் ஹார்மோன். ஒரு வேளை உணவை முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சு குடலிலிருந்து நிமிடக்கணக்கில் நடக்கிறது.

கொழுப்பு கொழுப்பாகவே இருக்கும்வரை குடல் அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கணையத்தின் லைபேஸ் நொதி அதைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரித்த பிறகே முன்சிறுகுடலின் உணர் உயிரணுக்கள் விழித்துக்கொண்டு கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பித்தப்பையைச் சுருங்கச்செய்யும் பொருளாக 1928-இல் அறியப்பட்ட இது, உணவின் அளவையும் குறைக்கிறது என்பதை 1973-இல் கிப்ஸ், யங், ஸ்மித் ஆகிய மூவரும் எலிகளில் காட்டினார்கள். மனிதர்களில் 12 கார்பன் அல்லது அதற்கு மேற்பட்ட நீளமுள்ள கொழுப்பு அமிலங்களே இதை நன்கு தூண்டுகின்றன. 10 கார்பனும் அதற்குக் குறைந்ததும் தூண்டுவதில்லை. இந்த ஹார்மோன், வயிற்றுறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் குடலருகே உள்ள முனைகளைத் தட்ட, செய்தி மூளைத்தண்டை அடைந்து, அங்கிருந்து ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. இதே வேளையில் இரைப்பை காலியாகும் வேகமும் குறைக்கப்படுகிறது.

கொழுப்பின் ஒரு பகுதி உறிஞ்சப்படாமல் சிறுகுடலின் கடைப்பகுதிவரை சென்றுவிட்டால் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்னும் வேறு ஹார்மோன்கள் சுரந்து, மேலிருந்து வரும் உணவின் ஓட்டத்தையே மெதுவாக்குகின்றன. இவை தவிர, ஒலீயிக் அமிலத்தைக் கொண்டு குடல் தானே தயாரிக்கும் ஒலியோயில்எத்தனோலமைடு என்ற பொருளும் உண்டு. வாயில் எளிதில் நுழையாத பெயர், ஆனால் கொறிணிகளில் (எலி, சுண்டெலி போன்றவற்றில்) அடுத்த வேளை உணவுவரை உள்ள இடைவெளியை நீட்டிப்பதில் அதற்குத் தெளிவான பங்கு உண்டு.

இத்தனை தடுப்புகள் இருந்தும் கொழுப்பு மிகுந்த உணவை ஏன் அளவுமீறி உண்கிறோம்?

இந்தப் பக்கத்தின் நடுநாயகமான கேள்வி இதுவே. இதற்கு ஒற்றை விடை கிடையாது.

முதலாவது, செறிவு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரியும், ஒரு கிராம் மாவுச்சத்திலோ புரதத்திலோ 4 கிலோகலோரியும் உள்ளன. இரைப்பையின் சுவர் விரிவதை அளக்கும் நரம்புகளுக்குக் கன அளவு மட்டுமே தெரியும், கலோரி தெரியாது. ஒரே கன அளவுள்ள உணவில் கொழுப்பு கூடினால், வயிறு நிறைந்ததாகச் சொல்லும் வேளைக்குள் கூடுதல் ஆற்றல் உள்ளே போய்விடுகிறது. கொழுப்பு சேர்ந்த உணவு மென்மையாக வழுக்கிச் செல்வதால் உண்ணும் வேகமும் கூடுகிறது. பிரிந்து, உணரப்பட்டு, மூளைக்குச் செய்தி போகும்முன் தட்டு காலியாகிவிடுகிறது.

இரண்டாவது, குடலின் செய்திகள் அந்த வேளையை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. எலிகளுக்கு ஒவ்வொரு வேளையும் கோலிசிஸ்டோகைனின் ஊசி போட்டபோது ஒவ்வொரு வேளையின் அளவும் குறைந்தது உண்மை; ஆனால் அவை வேளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு கணக்கை ஏறக்குறைய நேர்செய்துவிட்டன. ஏதோ ஒரு ஹார்மோன் ‘நிறைவைத் தூண்டும்’ என்று விளம்பரங்களில் படிக்கும்போது இந்த எலிகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, வளர்சிதை மாற்றத்தின் ஓரவஞ்சனை. மாவுச்சத்தை மிகுதியாக உண்டால் உடல் அதை எரிப்பதை உடனே கூட்டுகிறது, ஏனெனில் அதைச் சேமிக்க உள்ள இடம் குறைவு. கொழுப்பை மிகுதியாக உண்டால் அதை எரிக்கும் வேகம் அப்படி உடனே கூடுவதில்லை. கிடங்குக்கு அனுப்புவதே எளிது. செரிமானத்துக்காகும் செலவிலும் இந்த வேறுபாடு உண்டு: புரதத்தின் ஆற்றலில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு அதைக் கையாள்வதிலேயே செலவாகிறது, மாவுச்சத்தில் 5 முதல் 10, கொழுப்பிலோ 3 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

நிறைவுற்ற கொழுப்பும் நிறைவுறாக் கொழுப்பும் மூளைக்கு ஒன்றுதானா?

கலோரிக் கணக்கில் ஒன்றே. மூளையின் வேதியியலில் இல்லை. 2002-இல் லூச்சியானோ ரொசெட்டியின் குழு எலிகளின் மூளை நீர்க்குழிக்குள் நிறைவுறாக் கொழுப்பு அமிலமான ஒலீயிக் அமிலத்தை நேரடியாகச் செலுத்தியபோது, அவை உணவைக் குறைத்தன. கல்லீரல் இரத்தத்துக்குள் விடும் குளுக்கோஸின் அளவும் குறைந்தது. அதாவது ஹைப்போதலாமஸ் கொழுப்பு அமிலத்தையே ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு, ‘சத்து வந்துவிட்டது, கல்லீரல் தன் உற்பத்தியை நிறுத்தலாம்’ என்று உத்தரவிடுகிறது. பசியும் இரத்தச் சர்க்கரையும் ஒரே மேசையில் தீர்மானிக்கப்படுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை. ஆனால் சில நாட்கள் அளவுமீறி உண்ட எலிகளில் இதே ஊசி பலிக்கவில்லை.

வெண்ணெய், பாமாயில், விலங்குக் கொழுப்பு ஆகியவற்றில் மிகுதியாக உள்ள பால்மிட்டிக் அமிலம் 16 கார்பன் நீளமுள்ள நிறைவுற்ற கொழுப்பு அமிலம். இதுவும் இதைப் போன்ற பிறவும் கொறிணிகளின் ஹைப்போதலாமஸில் நோய்த்தடுப்பு அமைப்பின் டிஎல்ஆர்4 என்ற ஏற்பி வழியாக அழற்சியைத் தூண்டி, லெப்டின், இன்சுலின் ஆகியவற்றின் குரலை மங்கச்செய்கின்றன. உணவின் நிறைவுற்ற கொழுப்பில் ஒரு பங்கை நிறைவுறாக் கொழுப்பாக மாற்றியபோது அந்த அழற்சி தணிந்ததாகவும் ஆய்வுகள் உண்டு.

கொழுப்பு உணவால் மூளையில் அழற்சி வரும் என்கிறார்களே, அது உண்மையா?

விலங்குகளில் உண்மை. 2012-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்வார்ட்ஸின் குழு வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகுந்த உணவு கொடுக்கத் தொடங்கிய மூன்று நாட்களுக்குள்ளாகவே, உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு கூடும் முன்பே, கொறிணிகளின் ஹைப்போதலாமஸில் அழற்சியின் அடையாளங்கள் தெரிந்தன. மற்ற உறுப்புகளில் பருமனுக்குப் பின்னால் வரும் அழற்சி, இங்கே அதற்கு முன்னால் வந்தது என்பதே அந்த ஆய்வு கவனம் பெற்றதற்குக் காரணம். சில வாரங்களில் அது தணிந்து, பிறகு நிலையாகத் திரும்பி வந்தது; நியூரான்களைத் தாங்கும் கிளியா உயிரணுக்கள் வடுப்போல் பெருகின.

அதே ஆய்வில், உடல் பருமன் உள்ள மனிதர்களின் எம்ஆர்ஐ படங்களிலும் ஹைப்போதலாமஸின் அந்தப் பகுதியில் ஒத்த மாற்றங்கள் காணப்பட்டன. ஆனால் ஒரு நாள் எடுத்த படம், காரணம் எது, விளைவு எது என்று சொல்லாது. இரண்டு நாள் விருந்துண்டால் மூளை வீங்கிவிடும் என்ற பாணியில் இது பரப்பப்படுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

எலிகளில் கண்டதை மனிதர்களுக்குப் பொருத்தலாமா?

பாதை ஒன்றே, அளவு வேறு. ஆய்வகங்களில் ‘கொழுப்பு மிகுந்த உணவு’ என்று கொடுக்கப்படுவதில் பெரும்பாலும் மொத்த ஆற்றலின் 60 விழுக்காடு கொழுப்பிலிருந்து வருகிறது. ஒப்பீட்டுக்கான உணவில் 10 விழுக்காடே இருக்கும். பல நாடுகளில் மனிதர் உண்ணும் சராசரி உணவு இவ்விரண்டுக்கும் இடையில் விழுகிறது. கொழுப்பின் வகை, உணவில் நார்ச்சத்து எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பவையும் இரு உணவுகளுக்கிடையே சேர்ந்தே மாறுவதுண்டு. பழி மட்டும் கொழுப்பின் மேல் விழும். லெப்டின், மெலனோகார்ட்டின் (பிஓஎம்சி நியூரான்கள் பசியைத் தணிக்கச் சுரக்கும் பொருள்) போன்றவற்றின் அடிப்படைப் பாதைகள் மனிதரிலும் அப்படியே உள்ளன என்பதைப் பிறவி மரபணுக் குறைபாடுகள் உறுதிப்படுத்திவிட்டன. இத்தனை நாளில் இவ்வளவு பாதிப்பு என்ற கணக்கை மட்டும் எலியிடமிருந்து கடன் வாங்கக் கூடாது.

கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த உணவுகளை மட்டும் நிறுத்தவே முடிவதில்லையே, ஏன்?

ஹைப்போதலாமஸ் தேவையைக் கணக்கிடுகிறது; விருப்பத்தைத் தீர்மானிக்கும், டோப்பமைன் என்ற மூளை வேதிப்பொருளால் இயங்கும் பாதைகள் அதற்கு முழுதும் கட்டுப்பட்டவை அல்ல. நாக்கின் சுவைதான் விருப்பத்தை உண்டாக்குகிறது என்று நெடுங்காலம் நம்பினோம். சார்ல்ஸ் சூக்கரின் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளுக்குக் கொழுப்பு கலந்த நீரும் செயற்கை இனிப்பு கலந்த நீரும் வைக்கப்பட்டன. தொடக்கத்தில் இரண்டையும் குடித்த சுண்டெலிகள், ஓரிரு நாட்களில் கொழுப்பு நீரையே நாடின. சுவையறியும் திறன் நீக்கப்பட்டவையும் அப்படியே செய்தன. குடலிலிருந்து வேகஸ் நரம்பு வழியாகச் செல்லும் செய்தியை அடைத்தபோது அந்த நாட்டம் மறைந்தது. நிறைவைச் சொல்லும் அதே நரம்பு, ‘இது நல்ல பொருள், மீண்டும் தேடு’ என்றும் சொல்கிறது.

மனிதர்களில், டானா ஸ்மாலின் குழு 2018-இல் கலோரியும் விருப்பமும் சமமாக உள்ள தின்பண்டங்களை மூன்று வகையாகப் பிரித்தது: கொழுப்பு மிகுந்தவை, மாவுச்சத்து மிகுந்தவை, இரண்டும் சேர்ந்தவை. அவற்றின் படங்களைக் காட்டி, எவ்வளவு விலை கொடுக்க ஆயத்தம் என்று கேட்டபோது, இரண்டும் சேர்ந்தவற்றுக்கே கூடுதல் விலை சொன்னார்கள். மூளையின் வெகுமதிப் பகுதிகளும் தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையைவிட மிகுதியாக எழும்பின. இயற்கையில் கொழுப்பும் சர்க்கரையும் ஒருசேர மிகுந்து காணப்படும் உணவுகள் அரிது. தாய்ப்பால் அந்த அரியவற்றுள் ஒன்று என்பதை நினைத்தால், இந்தச் சேர்க்கைக்கு மூளை மயங்குவதில் வியப்பில்லை. தொழிற்சாலை உணவுகளில் அதுவே வாடிக்கை.

2023-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், எடை இயல்பாக இருந்தவர்கள் தம் வழக்கமான உணவோடு நாள்தோறும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த சிறு தின்பண்டம் ஒன்றை எட்டு வாரம் உண்டார்கள். எடை மாறவில்லை, ஆனால் கொழுப்புக் குறைந்த உணவின் மீதான விருப்பம் குறைந்தது, இனிப்புக் கலந்த கொழுப்புணவுக்கு மூளையின் எதிர்வினை கூடியது. எடைக்கருவி ஒன்றும் சொல்லாத வேளையிலும் விருப்பம் பழக்கப்படுத்தப்படுகிறது.

நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு பசியைக் குறைக்குமா?

8 அல்லது 10 கார்பன் நீளமுள்ள இவ்வகைக் கொழுப்பு அமிலங்கள், நிணநீர்ப் பாதையைச் சுற்றாமல் நேரே கல்லீரலுக்குச் சென்று விரைவில் எரிகின்றன. சில சோதனைகளில், இவற்றை உண்டவர்கள் அடுத்த வேளையில் சற்றுக் குறைவாக உண்டார்கள். மறுபுறம், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவால் கண்டறியப்பட்டபோது, அது தன் ஏற்பியை இயக்க 8 கார்பன் கொழுப்பு அமிலம் ஒன்று அதன்மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்ற விந்தையும் தெரியவந்தது. உணவில் வரும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பையே உடல் அதற்கு எடுத்துக்கொள்வதும் விலங்குகளில் காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரே எண்ணெய்க்கு இரண்டு முகங்கள். எடை குறைக்கும் மருந்தாக அதைக் குடிப்பதற்கு வலுவான அடிப்படை இல்லை.

மூளையே பெரும்பாலும் கொழுப்பால் ஆனது என்றால், கொழுப்பை மிகுதியாக உண்பது மூளைக்கு நல்லதல்லவா?

நீரை நீக்கிய மூளையின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புப் பொருட்கள் என்பது சரி. அதற்காக உண்ட கொழுப்பெல்லாம் அங்கே போய்ச் சேர்வதில்லை. தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து அதற்கு முக்கியமாகத் தேவைப்படுவது டிஹெச்ஏ என்னும் ஒமேகா-3 அமிலம் போன்ற சிலவே, அதுவும் சிறிதளவே.

ஒமேகா-3 மாத்திரை பசியைக் கட்டுப்படுத்துமா?

எலிகளில் ஹைப்போதலாமஸ் அழற்சியைத் தணிக்கிறது. மனிதர்களில் எடைக்காக நடந்த சோதனைகளில் நிலையான பயன் தெரியவில்லை. வேறு காரணத்துக்காக மருத்துவர் பரிந்துரைத்திருந்தால் அது தனிப் பொருள்.

மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையில் பசி குறைகிறது என்கிறார்களே?

பலருக்குக் குறைவது உண்மை. மாவுச்சத்து கிடைக்காதபோது கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்குகிறது. நீண்ட பட்டினியில் மூளை தன் எரிபொருளின் பெரும்பகுதியைக் கீட்டோன்களாகவே எடுத்துக்கொள்ளும் என்பதை 1967-இல் ஜார்ஜ் கேஹிலின் குழு காட்டியது. எடை குறையும்போது வழக்கமாக ஏறும் கிரெலின், கீட்டோன் நிலையில் அவ்வளவாக ஏறுவதில்லை. இவ்வுணவுமுறைகளில் புரதமும் கூடுவதுண்டு. புரதம் தானே நிறைவு தரக்கூடியது.

ஆனால் இதிலிருந்து கொழுப்பு உண்டால் குறைவாக உண்போம் என்ற விதியை எழுதிவிட முடியாது. கெவின் ஹால் தலைமையில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மருத்துவமனையில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 20 பேர் அங்கேயே தங்கி, ஆற்றலில் சுமார் 10 விழுக்காடே கொழுப்புள்ள தாவர உணவை இரண்டு வாரமும், சுமார் 76 விழுக்காடு கொழுப்புள்ள கீட்டோ உணவை இரண்டு வாரமும் விரும்பியவரை உண்டார்கள். கொழுப்புக் குறைந்த உணவின்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 கிலோகலோரி குறைவாக உண்டார்கள். பசியிலோ சுவை மகிழ்விலோ வேறுபாடு இருந்ததாக அவர்கள் சொல்லவில்லை. உணவுக்குப் பிந்தைய இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் கொழுப்புக் குறைந்த அந்த உணவில்தான் கூடுதலாக இருந்தன; இன்சுலின் ஏறுவதே அளவுமீறி உண்ணவைக்கிறது என்ற கொள்கைக்கு இது உகந்த செய்தி அல்ல. கீட்டோ உணவில் உண்ணும் அளவு இரண்டாம் வாரத்தில் முதல் வாரத்தைவிடக் குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூளைக்குப் பழகிக்கொள்ள நேரம் வேண்டும் போலும்.

ஆண்டுக்கணக்கில் பார்த்தால் இந்த வேறுபாடுகள் கரைந்துபோகின்றன. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கார்ட்னரின் குழு 609 பேரிடம் 12 மாதம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல்படி அது வேறுபாடே அல்ல. இரு சாராரும் சர்க்கரையையும் பதப்படுத்திய உணவையும் தவிர்க்கும்படி அறிவுறுத்தப்பட்டிருந்தார்கள்.

உடல் எரிக்கும் ஆற்றலின் அளவையும் மூளையே தீர்மானிக்கிறதா?

கணிசமான அளவுக்கு. ஹைப்போதலாமஸ், பரிவு நரம்புகள் வழியாகப் பழுப்புக் கொழுப்புத் திசுவைத் தூண்டி வெப்பமாக ஆற்றலை எரிக்கவைக்கிறது. குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட அந்தத் திசு வளர்ந்தவர்களிடமும் செயல்படுகிறது என்பதை 2009-இல் ஒரே வேளையில் வெளிவந்த மூன்று ஆய்வுகள் நிறுவின. தைராய்டு சுரப்பிக்கான கட்டளையும் ஹைப்போதலாமஸிலிருந்தே கிளம்புகிறது.

எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்தவர்களின் உடல், அந்த எடைக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிடவும் குறைவாக ஆற்றலைச் செலவிடுகிறது. ரோசன்பாமும் லைபலும் 2005-இல் இத்தகையோருக்கு லெப்டினைப் பழைய அளவுக்கு ஏற்றிக் கொடுத்தபோது அந்தச் சிக்கனம் பெருமளவு தளர்ந்தது. எடையைக் குறைத்தவர்களுக்கு அது மீண்டும் ஏறுவதை மன உறுதியின் குறை என்று பேசுவோர் இந்த ஒரு முடிவையாவது படித்திருக்கலாம்.

புதிய எடைக்குறைப்பு ஊசிகள் இந்தப் பாதையில்தான் வேலை செய்கின்றனவா?

ஆம். செமாகுளூடைடு என்பது கொழுப்பும் பிற சத்துகளும் குடலில் தூண்டும் ஜிஎல்பி-1-இன் நீடித்துழைக்கும் வடிவம். இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஊசி வழியே போவது ஒரு வாரம் நின்று மூளைத்தண்டையும் ஹைப்போதலாமஸையும் எட்டுகிறது. 2021-இல் வெளியான பெரிய சோதனையில் 68 வாரத்தில் எடை சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது. வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 2.4 விழுக்காடு. இம்மருந்தை எடுப்போரிடம் கொழுப்பு மிகுந்த உணவின் மீதான நாட்டம் தனியாகக் குறைவதும் பதிவாகியுள்ளது. நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது.

அப்படியானால் நாளொன்றுக்கு எவ்வளவு கொழுப்பு உண்ணலாம்?

வளர்ந்தவர்களுக்கு மொத்த ஆற்றலில் 30 விழுக்காட்டுக்கு மிகாமல் கொழுப்பும், அதற்குள் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் நிறைவுற்ற கொழுப்பும், 1 விழுக்காட்டுக்கு மிகாமல் டிரான்ஸ் கொழுப்பும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. 2000 கிலோகலோரி உண்பவருக்கு இது முறையே சுமார் 67 கிராம், 22 கிராம், 2 கிராம் ஆகும். இந்த எல்லைகள் இதயநோயையும் எடை ஏற்றத்தையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. ஹைப்போதலாமஸுக்கென்று தனி எல்லை எவரும் வகுக்கவில்லை.

நடைமுறையில், மொத்தக் கிராமை எண்ணுவதைவிட மூன்று செய்திகள் பயன்தரும் என்பது என் கருத்து: நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பை வைப்பது, கொழுப்பை நார்ச்சத்தும் நீரும் மிகுந்த உணவுகளோடு உண்பது, குடலின் செய்தி மூளையை எட்டும் அளவுக்கு மெதுவாக உண்பது.

பசியில் ஏற்படும் மாற்றத்துக்கு எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

உணவுமுறை மாறாத நிலையில் திடீரென்று அடங்காப் பசியோ முற்றிலும் பசியின்மையோ வந்தால். அதனோடு தலைவலி, பார்வைக் குறைவு, மிகுந்த தாகம் ஆகியவை சேர்ந்தால். பிறந்த முதல் சில ஆண்டுகளிலேயே ஒரு குழந்தை ஓயாத பசியோடு வேகமாகப் பருத்தால். முதலிரண்டில் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி பகுதியின் கட்டிகளையும், தைராய்டு, நீரிழிவு போன்றவற்றையும் தேடிப் பார்ப்பார்கள். கடைசியில் சொன்ன குழந்தைக்கு மரபணுச் சோதனை தேவைப்படலாம்; லெப்டின் குறைபாட்டுக்கு லெப்டினும், பிஓஎம்சி குறைபாட்டுக்கு 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செட்மெலனோடைடு என்ற மருந்தும் இன்று இருக்கின்றன.